செல் நீங்கிய திசுவில் புற்றுநோய் ஆய்வு

அன்புள்ள ஐயா,

வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்காளுக்கு மார்பில் கட்டி என்று கண்டு, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எடுக்கும் கட்டியில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று ஒரு படிவமும் கொடுத்தார்கள். கட்டியிலுள்ள செல்களையெல்லாம் கழுவி நீக்கிவிட்டு, மிஞ்சும் சட்டகத்தில் புற்றுநோயை வளர்த்துப் பார்ப்பார்களாம். தன் புற்று எங்கோ ஒரு கண்ணாடிக் குடுவையில் உயிரோடு இருக்குமோ என்று அக்காள் அஞ்சுகிறாள். இதை எலியிலேயே செய்து பார்க்கக்கூடாதா என்கிறான் என் மகன். செல்லைக் கழுவிவிட்டால் புற்றுநோயில் என்னதான் மிஞ்சுகிறது? கையெழுத்துப் போடலாமா?

தேவகி, டர்பன்

அன்புள்ள தேவகி அம்மா அவர்களுக்கு,

என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மார்பைத் தொட்டுப் பார்க்கையில் விரலுக்குத் தட்டுப்படும் கட்டியின் கடினத்துக்குப் பெரும்பாலும் காரணம் புற்றுச் செல்கள் அல்ல. அவற்றுக்கிடையே செறிந்து கிடக்கும் கொலாஜன் என்னும் புரத இழைகளே. நலமான மார்பில் சுருண்டு தளர்வாக இருக்கும் இந்த இழைகள், கட்டியைச் சுற்றிப் பெருகி, ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. கட்டியின் விளிம்பில் அவை வெளிப்புறம் நோக்கி நேர்கோடுகளாக அடுக்கப்பட்டிருக்கும் இடங்களில், புற்றுச் செல்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு அக்கம்பக்கத்துத் திசுவுக்குள் ஊர்ந்து செல்வதை நுண்ணோக்கியின் கீழ் கண்டிருக்கிறார்கள். கொலாஜனோடு லாமினின், ஃபைப்ரோனெக்டின் போன்ற வேறு புரதங்களும் சேர்ந்த இந்தப் பின்னல்தான் செல் போனபின் மிஞ்சுவது.

இதன் முக்கியத்துவம் நெடுங்காலத்துக்கு முன்பே ஒருவருக்குப் புலப்பட்டது. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் உடற்கூறாய்வுக் குறிப்புகளைப் படித்த லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், 1889-இல், நோய் மனம்போனபடி பரவுவதில்லை என்றும், விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றும் எழுதினார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஆய்வகங்கள் பெரும்பாலும் விதையை, அதாவது புற்றுச் செல்லை மட்டும், பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் பரப்பி வளர்த்தே மருந்துகளைச் சோதித்தன. அந்தத் தட்டு மார்புத் திசுவைவிடப் பல லட்சம் மடங்கு விறைப்பானது, தட்டையானது. அதில் செல்லைக் கொன்ற மருந்து நோயாளியிடம் பலிக்காமல் போவதற்கு இது ஒன்றே காரணமல்ல என்றாலும், தட்டின் முடிவுகளை இத்தனை காலம் இவ்வளவு நம்பியது எனக்கு இன்றும் வியப்புதான்.

1997-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மீனா பிஸ்ஸெல் குழுவினர் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். சுற்றியுள்ள புரதங்களைச் செல் பற்றிக்கொள்ள உதவும் இன்டெக்ரின் என்னும் கொக்கிகளுள் ஒருவகையை அவர்கள் எதிர்ப்புரதத்தால் மறித்தார்கள். லாமினின் நிறைந்த கூழுக்குள் தாறுமாறாகப் பெருகிக்கொண்டிருந்த மார்பகப் புற்றுச் செல்கள், மரபணுக் கோளாறுகள் அப்படியே இருக்க, ஒழுங்கான சிறு உருண்டைகளாக அடங்கின. ஆனால் அந்தக் கூழும் எலியின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்டதே. மனித மார்பின் பின்னல் தேவையென்றால் மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்.

எடுத்த திசுவைச் சிறு துண்டுகளாக நறுக்கி, எஸ்.டி.எஸ். போன்ற சலவை வேதிப்பொருள் கரைந்த நீரில் இட்டு, மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். செல்களின் சவ்வு கரைந்து, உள்ளிருப்பவை வெளியேற, நீரை மாற்ற மாற்றத் துண்டு வெளுத்துக்கொண்டே போகும். மார்பில் கொழுப்பு மிகுதியாதலால் எண்ணெயும் பிரிந்து வரும். அதை முழுதாக நீக்குவது தனிப் பாடு. பிறகு எஞ்சிய டி.என்.ஏ.வை நொதியால் சிதைப்பார்கள். உலர்ந்த சட்டகத்தின் ஒரு மில்லிகிராமில் 50 நானோகிராமுக்கும் குறைவான டி.என்.ஏ. இருந்தால் போதும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதாவது மிகச் சொற்பம். சுத்தமாகப் பூஜ்யம் என்று சொல்ல முடியாது.

எனவே உங்கள் அக்காளின் செல்கள் இந்தச் சட்டகத்தில் உயிரோடு இருக்க வழியில்லை. அதில் பிறகு இடப்படுபவை பெரும்பாலும் ஆய்வகங்களில் ஏற்கெனவே வளர்க்கப்பட்டு வருபவை. அவற்றுள் மிகப் பரவலான எம்.சி.எஃப்.-7 என்னும் செல்வகை, 1970-இல் மிச்சிகனில் ஒரு கன்னியாஸ்திரியின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து வந்தது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு நோயாளிகளின் சட்டகங்களில் ஒரே வகைச் செல்லை வளர்த்தபோது, தட்டில் இருந்ததைவிட அவை மெதுவாகப் பெருகின. ஆனால் இடம்பெயரும் இயல்பும், புதிய செல்களைத் தொடர்ந்து தோற்றுவிக்கும் குருத்தணு இயல்பும் கூடின. அந்த மாற்றத்தின் அளவு சட்டகத்துக்குச் சட்டகம் வேறுபட்டது. செல் ஒன்றே என்னும்போது வேறுபாடு அந்தந்தப் பெண்ணின் திசுவிலிருந்துதான் வந்திருக்க முடியும். இம்முறையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

எலியைப் பொறுத்தவரை, உங்கள் மகன் கேட்டது நியாயமே. எலியிலும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் எலியின் மார்புத் திசு பெரும்பாலும் கொழுப்பு. மனித மார்பிலுள்ள நார்த்திசு அதில் மிகக் குறைவு. நாம் அறிய விரும்பும் பகுதியே அங்கு மெலிந்திருக்கிறது. மறுபுறம், சட்டகத்தில் இரத்த ஓட்டமோ நோய் எதிர்ப்புச் செல்களோ கிடையாது. கழுவும்போது சில சர்க்கரைச் சேர்மங்களும் கரைந்துபோகின்றன. ஆகவே எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகளை அதில் மட்டும் வைத்து எடைபோட முடியாது. அக்காளுக்கு எந்த மருந்து பொருந்தும் என்பதையும் இந்த ஆய்விலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். அவருடைய சிகிச்சையைத் தீர்மானிப்பது வழக்கமான நோய்க்கூறியல் பரிசோதனைதான். அதற்குப் போக மிஞ்சியதையே ஆராய்ச்சிக்குத் தர வேண்டும்.

கையெழுத்து அக்காளின் முடிவு, எனக்கென்றால் போடுவேன். தென்னாப்பிரிக்காவின் 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டப்படி, உயிருள்ளவரின் உடலிலிருந்து திசு எடுக்க எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆனால் படிவத்தின் சிறிய எழுத்துகளை நீங்கள் உடனிருந்து படியுங்கள். சட்டகத்துக்கு மட்டுமா, அக்காளின் செல்களைத் தனியே வளர்க்கவும் சேர்த்துக் கேட்கிறார்களா என்று பாருங்கள். பின்னதாயின் அவர் அஞ்சியது பொருளற்றதல்ல, அந்தப் பகுதிக்கு மட்டும் மறுக்கலாமா என்று கேட்கலாம். திசுவோடு அவருடைய பெயர் போகுமா, குறியெண் மட்டுமா என்பதையும், பிற்பாடு மனம் மாறினால் யாரிடம் சொல்வது என்பதையும் கேட்டு, அந்தத் தொலைபேசி எண்ணைப் படிவத்தின் நகலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.