கூடுதலாகக் கட்டிய கம்பனி வரியை மீளப் பெறுவது எப்படி? மலையகக் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன் முதல் பதுளை வரை சிறிய, நடுத்தரத் தனியார் கம்பனிகளின் கணக்காளர்களும் பணிப்பாளர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களுமே பதில்களுக்கு அடிப்படை. மதிப்பீட்டாண்டு என்று வரும் இடமெல்லாம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான காலத்தைக் குறிக்கும்.

ஹட்டன்: சேர், எங்க கம்பனிக்கு டவுனில் ஒரு கட்டடம் இருக்கு. வங்கிக் கிளைக்கு வாடகைக்கு விட்டிருக்கோம். பக்கத்திலேயே விருந்தினர் விடுதியும் நடத்துறோம், அது நட்டம். வாடகையில 10 வீதம் வரியா வெட்டிட்டுத்தான் தர்றாங்க. நட்டப்படுற கம்பனிக்கு அந்தக் காசு திரும்பி வருமா?

வரும், தம்பி. வாடகையில் வெட்டப்படும் 10 வீதமும் வைப்பு வட்டியில் வெட்டப்படும் முற்பண வருமான வரியும் மொத்தத் தொகையில் கணக்கிடப்படுகின்றன. உங்கள் செலவையோ நட்டத்தையோ வெட்டுபவர் பார்ப்பதில்லை. கம்பனிக்கு வரி வருவதோ செலவு கழித்த மிச்சத்துக்கு. இந்த இடைவெளிதான் மீளளிப்பாக வரவேண்டிய பணம்.

2025/26க்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை மாதம் 250,000 ரூபா என்றால் ஆண்டுக்கு 3,000,000. வெட்டியது 300,000. திருத்தவேலை, தேய்மானக் கொடுப்பனவு எல்லாம் 800,000 என்றால் தேறிய வாடகை வருமானம் 2,200,000. வைப்பு வட்டி 500,000. 2025 ஏப்ரல் 1 முதல் வட்டிக்கு வீதம் 10 ஆனதால் வெட்டியது 50,000. இரண்டும் சேர்ந்து முதலீட்டு வருமானம் 2,700,000. விடுதியின் நட்டம் 2,600,000. வியாபார நட்டத்தை முதலீட்டு வருமானத்தில் கழிக்கலாம். முதலீட்டு நட்டத்தை வியாபார வருமானத்தில் கழிக்க முடியாது. ஆக மிஞ்சுவது 100,000, அதற்கு 30 வீதத்தில் வரி 30,000. ஏற்கெனவே போனது 350,000. மீளக் கேட்க வேண்டியது 320,000.

கழித்தும் மிஞ்சுகிற நட்டத்தை அடுத்த 6 ஆண்டுகளுக்கு முன்கொண்டு செல்லலாம். மீளளிப்புக் கேட்கும் ஆண்டில் நட்டத்தின் அட்டவணை பிசகில்லாமல் இருக்கவேண்டும். அதிகாரி முதலில் கை வைக்கும் இடம் அதுதான். முந்திய ஆண்டு விவரத்திரட்டில் (வருமானத்தையும் வரியையும் காட்டி ஆண்டுதோறும் கொடுக்கும் படிவம்) நீங்களே காட்டிய நட்டமும் இந்த ஆண்டு தொடக்கத்தில் எழுதிய நட்டமும் ஒரு ரூபா வித்தியாசப்பட்டாலும் கடிதம் வரும்.

நுவரெலியா: வங்கி வட்டி எங்க கணக்குக்கு 90,000தான் வந்தது. 90,000ஐ வருமானமாகப் போட்டுட்டு 10,000ஐ வரிக் கழிவாகக் கேட்டோம். அதிகாரி ஏற்கலை. என்ன பிழை?

பிழை பேரேட்டில் இருக்கிறது, தங்கச்சி. வருமானம் 100,000. வங்கிக் கணக்கில் 90,000 வரவு (debit), முற்பண வருமான வரிக் கணக்கில் 10,000 வரவு, வட்டி வருமானத்தில் 100,000 செலவு (credit) என்று பதிய வேண்டும். 90,000ஐ வருமானமாகக் காட்டிவிட்டு 10,000ஐயும் கேட்டால், வருமானத்தில் ஒருமுறை குறைத்ததை வரியிலும் குறைக்கச் சொல்வதாகிறது. கணிப்பைத் திருத்தி, திருத்திய விவரத்திரட்டைக் கொடுத்த பிறகு கோரிக்கையைப் புதுப்பியுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், பலர் தடுமாறுவது இங்கேதான். 2025 ஒக்டோபர் 1இல் 10,000,000 ரூபாவை 8 வீத வட்டிக்கு 12 மாத வைப்பில் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வட்டி முதிர்வில் மொத்தமாக 800,000. கம்பனிக் கணக்கு அட்டுறு அடிப்படையில், அதாவது பணம் கைக்கு வராவிட்டாலும் வட்டி சேர்ந்த காலத்து வருமானமாகப் பதியும் முறையில், போவதால் 2026 மார்ச் 31 வரைக்கான 400,000 முதல் ஆண்டு வருமானம். வங்கி வெட்டுவதோ முதிர்வில், 80,000 ரூபா, அடுத்த ஆண்டில். முதல் ஆண்டில் கழிவே இல்லாமல் 400,000க்கு வரி கட்டுவீர்கள். இரண்டாம் ஆண்டில் 400,000 வருமானத்துக்கு எதிரே 80,000 கழிவு நிற்கும். பார்க்கிற அதிகாரிக்கு 20 வீதம் வெட்டினது போலத் தெரியும். சந்தேகப்படுவது அவர் குற்றமில்லை. வைப்பு வாரியாக இரண்டு ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஒரு பக்க இணக்கக் கூற்றைக் கோரிக்கையோடு இணையுங்கள்.

பண்டாரவளை: வைப்பு வட்டியில வங்கி வரி வெட்டின சான்றிதழ் கையில இருக்கு, ஆனா ரமிஸில் (உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கணினி முறைமை) அந்தத் தொகையைக் காணோம்.

வெட்டியவர் ஒவ்வொரு மாதத்துக்குரியதையும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்டவேண்டும். ஆண்டுக்குரிய கூற்றை ஏப்ரல் 30க்குள் கொடுக்கவேண்டும். அந்தக் கூற்றில் உங்கள் டின் இலக்கம் (வரி செலுத்துநர் அடையாள இலக்கம்) பிழைத்தால் பணம் அரசாங்கத்துக்குப் போயிருக்கும், உங்கள் பெயரில் மட்டும் நிற்காது. வைப்பு தொடங்கும்போது கம்பனிப் பதிவு இலக்கத்தை மட்டும் கொடுத்திருப்பது, பணிப்பாளரின் டின் ஏறியிருப்பது, கம்பனியின் பழைய பெயர் மாறாமல் கிடப்பது, இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

திணைக்களத்துக்கு எழுதுமுன் வங்கிக்கு எழுதுங்கள். சான்றிதழின் பிரதியையும் டின் சான்றிதழையும் வைத்து, கூற்றைத் திருத்தித் தரும்படியும் திருத்திய சான்றிதழ் தரும்படியும் கேளுங்கள். கிளை முகாமையாளரோடு வாயால் பேசி முடிப்பது போதாது; வரிக் கூற்றுகளைத் தயாரிப்பது தலைமை அலுவலகம். எழுத்தில் கேட்டு, பெற்றதாக முத்திரை வாங்குங்கள்.

ஹப்புத்தளை: எங்க போக்குவரத்துக் கம்பனியின் பில்லில ஒரு வாடிக்கையாளர் 5 வீதம் வெட்டுறார். சின்னக் கடையறை ஒன்றுக்கு மாதம் 85,000 வாடகை, அதிலயும் 10 வீதம் போகுது. சரியா?

இரண்டுமே பிழை. சேவைக் கட்டண 5 வீதம் தனிநபருக்கான கொடுப்பனவில்தான். உள்நாட்டுக் கம்பனியின் பில்லில் அது வராது. வாடகையும் மாதம் 100,000ஐத் தாண்டினால்தான் வெட்டு. இனி வெட்டவேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். வெட்டியதற்குச் சான்றிதழ் வாங்கி வழமைபோல் கழிவாகக் காட்டுங்கள். சான்றிதழ் தர இழுத்தடித்தால் அவர் அதைத் திணைக்களத்தில் கட்டவே இல்லை என்றும் இருக்கலாம். அப்படியானால் அது உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான கடன், அவரிடமே கேட்கவேண்டும்.

எல்ல: 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மண்சரிவில் பாதை எல்லாம் மூடினது. அதுக்கு முந்தியே இரண்டு வரித் தவணை கட்டிட்டோம். இப்ப வருமானம் இல்லை. கட்டினதை உடனே திருப்பிக் கேட்கலாமா?

உடனே கேட்பதில் பயன் இல்லை. ஆண்டு முடிந்து விவரத்திரட்டு போன பிறகுதான் கூடுதல் எவ்வளவு என்பது நிலைபெறும். உடனே செய்யக்கூடியது வேறு. தவணைகள் ஒகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் வருபவை. அவை மதிப்பிட்ட வரியை வைத்துக் கட்டுபவை. மதிப்பீட்டைத் திருத்தச் சட்டம் இடம் தருகிறது. நிலைமை மாறிய மாதத்திலேயே திருத்திய மதிப்பீட்டுக் கூற்றைக் கொடுத்து, மிச்சத் தவணைகளைக் குறையுங்கள். வரவேண்டியதையே கட்டாமல் விடுவதற்கும் மதிப்பீட்டைத் திருத்திக் குறைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. குறைவாகக் கட்டியதற்கு மாதம் 1.5 வீத வட்டி ஓடும். அதனால் குருட்டுத்தனமாகப் பூச்சியம் போடாதீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சம்பாதித்த இலாபம் கணக்கில் இருக்கிறது.

இரத்தான அறைப் பதிவுகள், பாதை மூடிய அறிவித்தல், பிரதேச செயலகத்தின் சேத அறிக்கை, காப்புறுதிக் கோரிக்கை, திருத்தவேலைப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் போடுங்கள். காப்புறுதிப் பணம் கிடைத்தால் அதைக் கணிப்பில் காட்ட மறக்கக்கூடாது. சேதச் செலவை முழுக்கக் கழித்துவிட்டுக் காப்புறுதிப் பணத்தை மறைத்த கணிப்பு, ஆய்வில் நின்றுபிடிக்காது. இறுதிக் கொடுப்பனவு 2026 செப்டெம்பர் 30, விவரத்திரட்டு 2026 நவம்பர் 30. மீளளிப்பை எதிர்பார்ப்பவர் நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை; கணக்காய்வு முடிந்த கையோடு கொடுக்கலாம்.

தலவாக்கலை: தொழிற்சாலைக்கு கலர் சோட்டர் (தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம்) பழுதுபார்க்க கோயம்புத்தூர்க் கம்பனி ஒன்று பொறியியலாளரை அனுப்பினது. 14 வீதம் வெட்டிக் கட்டிட்டோம். இப்ப 10 வீதம்தான் வெட்டியிருக்கணும் என்கிறாங்க.

வதிவற்றவருக்கான சேவைக் கட்டணத்துக்குப் பொது வீதம் 14. 2013இல் கையெழுத்தான இந்திய–இலங்கை இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு உச்சம் 10 வீதம். அந்தச் சலுகைக்கு அவர்கள் இந்தியாவில் வதிபவர் என்ற வரி வதிவிடச் சான்றிதழ் வேண்டும். பணம் அனுப்புமுன் அது உங்கள் கையில் இருந்திருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இப்போது கவனிக்கவேண்டியது, வெட்டுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கோரவேண்டியவர். அதாவது கோயம்புத்தூர்க் கம்பனி. அந்த 4 வீதத்தை அவர்கள் இந்திய வரியில் கழிக்கவும் முடியாது. ஒப்பந்த அளவுக்கு மேல் போனதை அங்கே கணக்கெடுப்பதில்லை. ஆகவே இங்கேதான் கேட்கவேண்டும். அதிகாரக் கடிதம் வாங்கி நீங்கள் அவர்கள் சார்பில் கொடுக்கலாம்.

உங்கள் உடன்படிக்கையில் ‘வரியைச் சேவை பெறுபவர் பொறுப்பேற்பார்’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கையில் 860,000 கிடைக்கவேண்டும் என்று பேசியிருந்தால், 14 வீதத்தில் மொத்தம் 1,000,000, வரி 140,000. 10 வீதத்தில் மொத்தம் 955,556, வரி 95,556. 44,444 ரூபா உங்கள் சட்டைப்பையிலிருந்து போயிருக்கிறது, கோரும் உரிமையோ அவர்கள் பெயரில். மீளளிப்பு வந்தால் உங்களுக்குத் திருப்பித் தருவதாக அவர்களிடம் எழுதி வாங்குங்கள். அடுத்த உடன்படிக்கையில் அதை ஒரு வாசகமாகவே சேர்த்துவிடுங்கள்.

கண்டி: பணிப்பாளரின் டின்னில் கம்பனி வரியைக் கட்டிட்டோம்.

இது மீளளிப்பு இல்லை, மாற்றக் கோரிக்கை. பணிப்பாளர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம், கட்டிய பற்றுச்சீட்டு, பணம் கம்பனியின் வங்கிக் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் கூற்று, பணிப்பாளர் சபைத் தீர்மானம் ஆகிய நான்கையும் வைத்து, சரியான டின்னுக்கும் ஆண்டுக்கும் மாற்றக் கேளுங்கள். பணிப்பாளர் தன் சொந்த விவரத்திரட்டில் அதைக் கழிவாகக் காட்டுமுன் செய்துவிடவேண்டும். வரி வகைக் குறியீடோ காலக் குறியீடோ பிழைத்திருந்தாலும் இதே வழிதான்.

மாத்தளை: பணமாகக் கேட்பதா, அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவதா? எது நல்லது?

அடுத்த ஆண்டு வரி நிச்சயம் வரும், தொகையும் சின்னது என்றால் எதிரீடு செய்வது, அதாவது வரவேண்டிய வரியில் கழித்துக்கொள்வது, சுகம். தொகை பெரிது, இரண்டு மூன்று ஆண்டுக்கு வரியே வராது என்றால் பணமாகக் கேளுங்கள். கோருவதற்குச் சட்டத்தில் கால எல்லை உண்டு. ஆண்டாண்டாகக் கொண்டுபோய்க்கொண்டே இருந்தால், முதலில் கட்டிய தொகை ஒருநாள் எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றைத் தெரிவுசெய்தால் அதிலேயே நில்லுங்கள். பணமாகக் கேட்ட அதே தொகையை அடுத்த தவணையிலும் கழித்துவிட்டு, இரண்டும் தடைப்பட்டுக் கிடக்கிற கோப்புகள் ஏராளம்.

பணமாகக் கேட்டாலும் திணைக்களம் முதலில் உங்கள் மற்ற வரிகளைப் பார்க்கும். பெறுமதி சேர் வரி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி, ஊழியர் சம்பளத்தில் வெட்டும் வரி, எதிலாவது நிலுவை காட்டினால் அதற்கு எதிரீடு செய்துவிட்டு மிச்சம்தான் வரும். பழைய ஆண்டுகளில் கட்டி முடித்ததே நிலுவையாகக் கிடக்கக்கூடும். கோரிக்கை கொடுக்குமுன் நிலுவைப் பட்டியலை எடுத்து, பற்றுச்சீட்டுகளைக் காட்டித் தீர்த்துவிடுங்கள்.

பதுளை: என்னென்ன ஆவணம்? தமிழில் எழுதிக் கொடுக்கலாமா, சேர்?

தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. அரசியலமைப்பிலேயே இருக்கிறது, யாரிடமும் சலுகையாகக் கேட்கவேண்டியதில்லை. கோரிக்கைக் கடிதத்தைத் தமிழில் கொடுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். கணிப்பையும் அட்டவணைகளையும் மட்டும் ஆங்கிலத்தில் வைத்தால், கோப்பு கொழும்புக்குப் போனாலும் மொழிபெயர்ப்புக்காக நிற்காது.

கடிதத்துக்குப் பின்னால் கணக்காய்வு செய்த நிதிக்கூற்று, வரிக் கணிப்பு, தவணை கட்டிய பற்றுச்சீட்டுகள், வெட்டுச் சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு விவரம், கையொப்பமிடுபவருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் ஆகியவை வரவேண்டும். உயிரான பக்கம் வெட்டு அட்டவணை. வெட்டியவர் பெயர், அவர் டின், சான்றிதழ் இலக்கம், கொடுப்பனவுத் திகதி, மொத்தத் தொகை, வீதம், வெட்டிய வரி, அது பதிந்த பேரேட்டுப் பக்கம் என்று எட்டு நிரல். மொத்தத் தொகை நிரலின் கூட்டல் நிதிக்கூற்றின் வருமானத்தோடும், வரி நிரலின் கூட்டல் விவரத்திரட்டோடும் பொருந்தவேண்டும். பொருந்தாத இடத்தில் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அதிகாரி கேட்கும்வரை விட்டுவைத்தால் ஒரு கேள்விக்கு ஒரு கடிதம், ஒரு கடிதத்துக்கு ஒரு மாதம் என்று போய்விடும்.

கொட்டகலை: மறுத்துட்டாங்க. இனி?

அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணையாளர் நாயகத்திடம் நிர்வாக மீளாய்வு கேட்கவேண்டும். கடித உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தோட்ட முகவரிக்கு வரும் தபால் தாமதமாவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எப்போது கிடைத்தது என்பதற்கு முத்திரைத் திகதி உதவும். எந்தத் தொகை, எந்த ஆண்டு, அதிகாரி சொன்ன காரணம், அதற்கு உங்கள் பதில், சான்று எந்தப் பக்கம் என்று வரிசையாக எழுதுங்கள். மீளாய்வும் பாதகமானால் அந்தத் தீர்மானம் கிடைத்து 30 நாளுக்குள் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஒரு சான்றிதழ் இல்லை என்பதற்காக மறுத்திருந்தால், சண்டைக்கு முன் அந்தச் சான்றிதழை எடுத்துக் கொடுப்பதுதான் கிட்டிய வழி.

வெலிமடை: கம்பனியை மூடப்போறோம். வரவேண்டிய மீளளிப்பு 180,000 இருக்கு.

பணம் கைக்கு வரும்வரை பெயர் நீக்க விண்ணப்பம் போடவேண்டாம். கம்பனியின் வங்கிக் கணக்கையும் திறந்தே வையுங்கள். இல்லாத கம்பனியின் பெயரில் வரும் பணத்தைப் பங்குதாரர் தன் கணக்கில் போட முடியாது. இறுதி விவரத்திரட்டைக் கொடுக்கும்போதே, மூடும் நோக்கத்தைச் சொல்லி மீளளிப்பைப் பணமாகக் கேளுங்கள். கையொப்ப அதிகாரம் உள்ள பணிப்பாளர் ஒருவராவது பதவியில் இருக்கட்டும்.