தறிச் சத்தம் நின்றால்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்தீர்கள் என்று ஜெர்மன் டைரக்டர் கிறிஸ்டியான் பெட்ஸோல்ட் இயக்கிய ‘தி ஸ்டேட் ஐ ஆம் இன்’ படத்தைப் பார்த்தேன். ஒரு காலத்தில் தீவிரவாதிகளாக இருந்த கணவனும் மனைவியும் பதினைந்து வயது மகளோடு ஒளிந்து திரிகிறார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் கார் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. அவர்கள் என்ன செய்தார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. இதில் சஸ்பென்ஸ் எங்கே இருக்கிறது? சட்டத்துக்குத் தப்பி ஓடுகிறவர்கள்மேல் நாம் ஏன் இரக்கப்பட வேண்டும்? நான் ஏற்காட்டில் வெளியூர்க்காரர்களின் பங்களாக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். மூடுபனி இறங்கிய ராத்திரியில் தனியாகப் பார்த்தும் பயம் வரவில்லை.

மு., ஏற்காடு

அன்புள்ள தம்பி,

அந்த நாற்சந்திக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். இவர்களுடைய கார் நிற்கிறது. சுற்றிலும் வேறு கார்கள் வந்து நிற்கின்றன. போலீஸ் வளைத்துவிட்டது என்று நினைத்து அப்பா காரை விட்டு இறங்கி, கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் மற்ற கார்கள் அதன் பாட்டுக்குக் கிளம்பிப் போய்விடுகின்றன. யாரும் அவரைத் தேடி வரவில்லை. அவர் மறுபடி காரில் ஏற வேண்டும், மகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசைந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு சஸ்பென்ஸ் என்றால் வேகம். சேலத்தில் ஏற்காடு ரோட்டில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ நின்ற இடத்தில் இப்போது அந்த நுழைவு வளைவு மட்டும்தான் மிச்சம். அங்கிருந்து வந்த துப்பறியும் படங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். துரத்தலும் சண்டையும் எனக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையாகவே ஒளிந்திருப்பவனுக்கு ஓடுவது எப்போதோ ஒரு நாள்தான், மற்ற நாளெல்லாம் காத்திருப்பு.

இது உங்கள் வேலையை வைத்தே உங்களுக்குப் புரியும். பூட்டிக் கிடக்கிற பங்களாவில் யாரோ தங்கியிருக்கிறார்கள் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்? கொடியில் ஒரு துண்டு, வாசலில் ஈரமான கால்தடம், குழாயடியில் சோப்பு நுரை. இந்தப் படத்தில் ஹாம்பர்க்கில் ஒரு காலி வீட்டுக்குள் இருக்கிறார்களே, அவர்கள் பயப்படுவது இப்படிப்பட்ட சின்னச் சின்ன அடையாளங்களுக்குத்தான். அந்தப் பெண் கடையில் துணி திருடுகிறாள், ஒரு பையனைப் பார்க்கப் போகிறாள். வேறு எந்த வீட்டிலும் அது கன்னத்தில் ஒரு அறையோடு முடிந்துவிடும். இங்கே மூன்று பேரின் தலையும் போகும். அதனால்தான் டைரக்டர் கேமராவை அவசரப்படுத்தவில்லை. அவளுக்கு ஆசை வளர்வதை நாம் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

அவர்கள் செய்த குற்றம் ஏன் சொல்லப்படவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படம் 2000இல் வந்தது. ஜெர்மனியில் ‘செம்படை’ என்று பெயர் வைத்துக்கொண்ட தீவிரவாத இயக்கம் 1970இல் தொடங்கி முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்று, 1998இல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டதாக அறிவித்திருந்தது. ஜெர்மன்காரர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தவிர, அந்தப் பெண் பிறந்ததே ஒளிவிடத்தில். அவளுக்குத் தெரிந்த அளவுதான் நமக்கும் தெரிகிறது. இயக்கம் கலைந்தும் ஒளிவு முடியவில்லை. அதே இயக்கத்தைச் சேர்ந்த டானியேலா கிளெட்டே 2024 பிப்ரவரியில் பெர்லினில் பிடிபட்டார். வயது 65. முப்பது வருஷத்துக்கு மேல் வேறு பெயரில் வாழ்ந்து, பிரேசில் நாட்டுச் சண்டை நடனம் பழகிக்கொண்டிருந்தார்.

இரக்கப்பட வேண்டுமா என்று கேட்டால், அந்தத் தாய் தகப்பன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. பணம் தீர்ந்தால் கொள்ளையடிக்கத் துணிகிறவர்கள் அவர்கள். என் மனம் போனது அந்தப் பிள்ளையிடம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் அம்மாவுக்கு 1949இல் எட்டு வயது. சேலத்தில் குகை என்கிற பகுதியில் தறி வீடு. 1948க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் தலைமறைவாக இருந்த காலம். தாத்தா ஒருவரைக் கூட்டிவந்து உள் அறையில் வைத்தார். அம்மாவிடம், ‘ஊரிலிருந்து வந்த மாமா, உடம்பு சரியில்லை’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவர் பேசிய தமிழ் இந்தப் பக்கத்துத் தமிழ் இல்லையாம். அவர் செருப்பு வாசலில் இருக்கக் கூடாது. வழக்கமாக வாங்குகிற அரிசிக்கு மேல் ஒரு ஆழாக்குகூட வாங்கக் கூடாது, கடைக்காரர் கேட்பார். அம்மாயி தன் சோற்றைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறார், அது அம்மாவுக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

தெருவில் புது ஆள் தென்பட்டால் தாத்தா தறியை நிறுத்திவிடுவார். அதுதான் அடையாளம். சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர் அசையக் கூடாது, அம்மாவும் பேசக் கூடாது. ஆனால் தறி என்றால் இழை அறுந்தாலும் நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அறும்! ஒவ்வொரு முறையும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இழையா, போலீஸா? மறுபடி ‘தடக் தடக்’ என்று கேட்டால்தான் உயிர் வரும். அந்த நாற்சந்தியில் கையைத் தூக்கி நின்ற மனிதரைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தறிதான் ஞாபகம் வந்தது.

ஒரு ராத்திரி அவர் கிளம்பிப் போய்விட்டார். 1950 பிப்ரவரி 11இல் சேலம் மத்தியச் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார் பக்கத்து ஆட்கள். எங்கள் வீட்டுக்குச் செய்தி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘மாமா அதுல இருக்காரா?’ யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. செத்தவர்களின் பெயர்கள் பிறகு தெரியவந்தன. ஆனால் மாமாவின் உண்மையான பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. இன்றைக்கும் பஸ் அந்தச் சிறை இருக்கிற அஸ்தம்பட்டியைத் தாண்டும்போது அம்மா பேச்சை நிறுத்திவிடுவார்.

அவர் இந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. கதையைச் சொன்னதும், ‘போடு, நானும் பாக்கறேன்’ என்றார். ஆங்கிலத்தில் கீழே ஓடுகிற வசனத்தை நான் தமிழில் சொல்லச் சொல்லப் பார்க்கப் போகிறோம். மலையிலிருந்து இறங்கி வருகிற நாள் இருந்தால் எழுதுங்கள், அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம்.

பிரியத்துடன்