கிளையன்ட் யாரும் குறை சொல்லாதபோது எச்டிஎம்எல் 5-இன் புதிய டேக்குகளை எதற்குக் கற்க வேண்டும்?

கேள்வியில் இருந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். "மூன்று வருடமாக டிவ், ஸ்பேன் இரண்டையும் வைத்தே தளங்கள் செய்து தருகிறேன், ஒரு கிளையன்டும் குறை சொன்னதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். டேக் என்பது இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில், ஒரு பகுதி என்னவென்று பிரவுசருக்குச் சொல்லும் குறி. டிவ்வும் ஸ்பேனும் எதையும் சொல்லாத வெறும் பெட்டிகள். என்னிடமும் ஏழு வருடம் யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் உள்ளே வர முடியாமல் திரும்பிப் போயிருக்கிறார்கள் என்பது 2016-இல்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வருடம் ஓர் அறக்கட்டளைக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் செய்து கொடுத்தேன். அடியில் பச்சை நிறத்தில் 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான். பார்க்கத்தான் பொத்தான், உள்ளே அது ஆன்கிளிக் (மவுஸால் தட்டினால் இயங்கும் கட்டளை) சேர்த்த ஒரு டிவ். கடைசித் தேதிக்கு முந்தின நாள் ஒரு கல்லூரி மாணவர் போன் செய்தார். பார்வையில்லாதவர். "சார், எல்லாம் பூர்த்தி பண்ணிட்டேன், சமர்ப்பிக்கிற இடமே வரலை" என்றார். விஷயம் புரியாமல், "கீழே பச்சையா இருக்கும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

மறுநாள் காலை அவருடைய விடுதிக்குப் போனேன். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்திருந்தார். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006-இல் தொடங்கி இலவசமாகத் தரும் மென்பொருள் அது. அடுத்தடுத்த இடத்துக்கு நகர்த்தும் டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனார். பெயர், அப்பா பெயர், வங்கிக் கணக்கு, ஐஎஃப்எஸ்சி. அடுத்த தட்டில் பிரவுசரின் முகவரிப் பட்டைக்குப் போய்விட்டது. நடுவில் என் பச்சைப் பொத்தான் இல்லவே இல்லை. பிறகு டி எழுத்தைத் தட்டிக் காட்டினார். பக்கத்தின் பெரிய பகுதிகளுக்கு அதை வைத்துத் தாவலாம். என் பக்கத்தில் தாவ ஓர் இடமும் இல்லை. முக்கியப் பகுதியைக் குறிக்கும் மெயின், மெனுவைக் குறிக்கும் நாவ் எதுவும் நான் போடவில்லையே. ஒவ்வொரு முறையும் மேல் மெனுவின் அத்தனை இணைப்புகளையும் கேட்டுக் கடந்த பிறகுதான் படிவத்துக்கே வந்திருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து, போன் இணையத்தை வைத்து, டிவ்வைப் பட்டனாக மாற்றி ஏற்றினேன். அவரே சமர்ப்பித்தார்.

பட்டன் டேக் எச்டிஎம்எல் 4-லேயே இருந்ததே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் டிவ் என்ற பழக்கம்தான் அதையும் மறக்க வைத்தது. டிவ்வோடு ரோல் என்ற குறிப்பைச் சேர்த்து அதில் பட்டன் என்று போட்டால் போதாதா என்று இன்னும் சிலர் கேட்பார்கள். போதாது. அது 'இது பொத்தான்' என்று அறிவிக்கும், அவ்வளவுதான். டேப்பில் நிற்பது, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் இயங்குவது எல்லாவற்றையும் நீங்களே எழுத வேண்டும். பட்டன் டேக்கில் பிரவுசரே இதைச் செய்துவிடும்.

இந்தப் புதிய டேக்குகள் யாரோ அறையில் உட்கார்ந்து கற்பனை செய்தவை என்று நினைக்காதீர்கள். 1999 எச்டிஎம்எல் 4.01-க்குப் பிறகு, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இன்னும் கண்டிப்பான விதிகள் கொண்ட எக்ஸ்எச்டிஎம்எல் பக்கம் போனது. எக்ஸ்எச்டிஎம்எல் 2 பழைய பக்கங்களோடு ஒத்துப் போகாது. அதை ஏற்காமல் ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆட்கள் 2004-இல் தனிக் குழு அமைத்தார்கள். அந்தக் குழு எழுதிய தரத்தின் ஆசிரியர் இயன் ஹிக்சன் 2005-இல் கூகுளில் இருந்தபோது நூறு கோடிப் பக்கங்களுக்கு மேல் அலசி, டேக்குகளுக்கு நாம் வைக்கும் கிளாஸ் பெயர்களில் எவை அதிகம் என்று பார்த்தார். ஃபூட்டர், மெனு, ஹெடர், நாவ் எல்லாம் முன்வரிசையில் இருந்தன. டிவ் கிளாஸ் ஃபூட்டர் என்று நீங்களும் நானும் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததுதான் டேக்காக வந்திருக்கிறது. டபிள்யூ3சி 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5-ஐ இறுதி செய்தது. அந்தக் குழுவும் டபிள்யூ3சியும் 2019-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிப்பு எண் இல்லாமல் தொடர்ந்து திருத்தப்படும் ஒரே தரம்தான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எக்ஸ்எச்டிஎம்எல் 2-ஐக் கைவிடுவதாக டபிள்யூ3சி அறிவித்த அதே 2009-இல், ஒரு பயிற்சி நிலையத்தில் பக்கத்தின் முதல் வரியில் வரும் எக்ஸ்எச்டிஎம்எல்லின் நீளமான டாக்டைப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அதுகூடப் பரவாயில்லை. வேலை வாங்கித் தருகிறோம் என்று அசல் மதிப்பெண் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையும் இல்லை, பட்டியலும் இல்லை. நான்கு மாதம் அலைந்தேன். ஓர் அரசு நேர்காணல் அதனாலேயே கைவிட்டுப் போனது. அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் இதைப் படிக்கும் மாணவர்கள் யாராவது இருந்தால், அசல் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூகுளில் முதலிடம் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். டிவ் தவறு என்றும் சொல்லவில்லை. வெறும் அமைப்புக்கு, ஸ்டைலுக்கு அதுதான் சரி. ரியாக்ட் போன்ற ஸ்கிரிப்ட் கருவியில் வேலை செய்தாலும் கடைசியில் பிரவுசருக்குப் போவது எச்டிஎம்எல்தான். கண்ட இடமெல்லாம், பகுதி பிரிக்கும் டேக்கான செக்‌ஷன் போடுவதாலும் பயனில்லை. ஒவ்வொரு செக்‌ஷனிலும் எச்1 என்ற முதன்மைத் தலைப்பு வைக்கலாம் என்று பழைய பாடங்களில் இருக்கும், நம்பாதீர்கள். எந்தப் பிரவுசரும் அந்த முறையைச் செயல்படுத்தவில்லை, 2022-இல் தரத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

படிவத்திலிருந்து (ஃபார்ம்) தொடங்குங்கள். நிரப்பும் கட்டமான இன்புட்டில் டைப் ஈமெயில் என்று போட்டால் போனில் அட் குறியோடு கீபோர்டு வரும். போன் எண்ணுக்கு டெல் போடுங்கள், நம்பர் வேண்டாம். தொடக்கத்துப் பூஜ்யம் சில சமயம் போய்விடலாம். அப்புறம் டயலாக். பாப்அப் பெட்டிக்காக அந்தக் காலத்தில் நான் பக்கம் பக்கமாக ஸ்கிரிப்ட் எழுதினேன். இப்போது டயலாக் டேக்கை ஷோமோடல் என்ற ஒற்றைக் கட்டளையால் திறந்தால் ஃபோகஸ் உள்ளே போகிறது, பின்னால் இருப்பது முடங்குகிறது, எஸ்கேப் தட்டினால் மூடுகிறது. 2022 மார்ச்சிலிருந்து முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மறைத்துத் திறக்கும் கேள்வி பதில் பகுதிக்கு டீட்டெயில்ஸும் சம்மரியும் போதும், ஸ்கிரிப்டே வேண்டாம்.

தமிழில் தளம் செய்கிறீர்கள் என்றால் இன்னொன்று. டெம்ப்ளேட்டை அப்படியே எடுக்கும்போது மேலே பக்கத்தின் மொழியைச் சொல்லும் இடத்தில் லாங் ஈஎன் (ஆங்கிலம்) என்று இருக்கும். அதை டிஏ (தமிழ்) என்று மாற்றுங்கள். இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடர் உங்கள் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும். அந்த மாணவர் விடுதியிலிருந்து கிளம்பும்போது என்னிடம் கேட்டுக்கொண்டது இந்த ஒன்றைத்தான். விண்ணப்பம் முழுவதையும் அவர் அந்த ஆங்கிலக் குரலில்தான் காதால் கேட்டிருக்கிறார்.