பட்டா ஒருவர் பேரில், நிலம் இன்னொருவர் கையில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தாத்தா 1962-ல் 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை கிரயம் வாங்கினார். பத்திரம் எங்களிடம் இருக்கிறது, உழுவதும் நாங்கள்தான். ஆனால் கணினிப் பட்டா பக்கத்து நிலக்காரர் பேரில் வருகிறது. தாலுகா அலுவலகத்தில் கேட்டால் ‘யு.டி.ஆரிலேயே அப்படித்தான் ஏறியிருக்கிறது’ என்கிறார்கள். என்ன செய்வது?
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: தமிழ்நாட்டில் இந்தத் தவறு இல்லாத ஊரே இல்லை எனலாம். யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 ஜூன் 1 முதல் 1987 ஏப்ரல் 30 வரை நடந்தது. ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேர், ஏர் ஆனது. உட்பிரிவுகள் புதிதாகப் போடப்பட்டன, பட்டாக்களுக்கு எண் மாறியது. இதற்கு நடுவே 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை முறை ஒழிந்தது நல்ல காரியம். ஆனால் எந்தத் துண்டு யாருடையது என்று மனப்பாடமாக அறிந்த ஆட்கள், அந்த அறிவு மிகவும் தேவைப்பட்ட வேளையில் பொறுப்பில் இல்லாமல் போனார்கள். விசாரணை நாளில் வெளியூரில் இருந்தவர் பேர் விடுபட்டது. கூட்டுப் பட்டாவில் மூத்தவர் பேர் மட்டும் ஏறியது. எல்லை தவறி அளந்ததில் பக்கத்து உட்பிரிவோடு நிலம் சேர்ந்துபோனது.

முதலில் தாள்களைத் திரட்டுங்கள். 1962 பத்திரத்தின் சான்றிட்ட நகலையும், அதில் குறிப்பிட்டுள்ள மூலப் பத்திரத்தின் நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். வில்லங்கச் சான்று இணையத்தில் மிகப் பழைய ஆண்டுகளுக்குக் கிடைக்காமல் போகலாம். கிடைக்காத ஆண்டுகளுக்குக் கைப்பதிவேட்டில் தேடித் தரும்படி தனியே மனு போட வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான். பழைய பதிவுகள் பழைய உட்பிரிவு எண்ணில்தான் கிடக்கும். 84/2 என்று இருந்தது இன்று 84/2பி ஆகியிருந்தால், புதிய எண்ணை மட்டும் எழுதிக் கேட்டால் உங்கள் தாத்தாவின் பத்திரம் வில்லங்கத்தில் வராது. இரண்டு எண்ணையும் எழுதுங்கள். 1962-ல் உங்கள் ஊர் வேறு சார்பதிவகத்தில் இருந்ததா என்றும் விசாரியுங்கள்.

வருவாய்த்துறைப் பக்கத்தில் மூன்று தலைமுறைப் பதிவேடுகள் வேண்டும்: வெள்ளையர் காலத்து செட்டில்மென்ட் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடும் (ஊரின் நிலங்களை எண்வாரியாகக் காட்டுவது) சிட்டாவும், யு.டி.ஆர். ‘அ’ பதிவேடு. இவற்றோடு நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலும், பழைய எண்ணுக்குப் புதிய எண் எது என்று காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலும் தேவை. தாலுகாவில் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலக ஆவண அறையில் கேளுங்கள். அங்கும் கிடைக்காத மிகப் பழையவற்றுக்கு சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். ‘பழசெல்லாம் இல்லை’ என்று வாயால் சொல்லி அனுப்பினால், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்.

கணக்கையும் சரிபாருங்கள். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட் பட்டாவில் ஏறத்தாழ 0.48.5 ஹெக்டேராக இருக்க வேண்டும். பக்கத்துக்காரர் பத்திரத்தில் உள்ளதைவிட அவர் பட்டாவில் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாக இருந்தால், உங்கள் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

யு.டி.ஆர். திருத்த மனுவை இவற்றோடு மாவட்ட வருவாய் அலுவலரிடம் கொடுங்கள். ஆண்டுதோறும் தாலுகாவில் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியில் கொடுத்தாலும் உரிய இடத்துக்குப் போகும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள். பக்கத்துக்காரர் ‘தவறு நடந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் வேலை சுலபம். ‘நிலமே என்னுடையது’ என்றால் அது உரிமைத் தகராறு. அதைத் தீர்க்கும் அதிகாரம் வருவாய்த்துறைக்குக் கிடையாது என்று 2011-ல் விஸ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்போது உரிமையியல் நீதிமன்றம்தான்.

அங்கே செலவு குறைவு என்று வெறும் தடையுத்தரவு மட்டும் கேட்டு வழக்குப் போடாதீர்கள். எதிராளி பட்டாவைக் காட்டியதும் உங்கள் உரிமைமேல் சந்தேக நிழல் விழும், வழக்கு அங்கேயே நொண்டும். நிலம் உங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் நிரந்தரத் தடையும் சேர்த்தே கேளுங்கள். நிலம் கைவிட்டுப் போயிருந்தால் சுவாதீனமும், அதாவது நிலத்தைத் திரும்ப ஒப்படைக்கும்படியும், கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 34-வது பிரிவின்படி விளம்புகை கிடைக்காது. இதற்கிடையில் தவறான பட்டாவை வைத்து அவர் மகன் பேருக்கு தானமாக செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிடலாம். மாதம் ஒரு முறை வில்லங்கம் பாருங்கள். வழக்கு தாக்கலானபின் யார் வாங்கினாலும் தீர்ப்பு அவரையும் கட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் பழைய இனாம் கிராமம். 60 ஆண்டுகளாக வீடு கட்டி இருக்கிறோம். இனாம்தார் வாரிசு என்று ஒருவர் 1930-களின் பத்திரத்தைக் காட்டி, மனைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார். சிலர் கொடுத்தும்விட்டார்கள்.
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: நீங்கள் கொடுக்காதீர்கள். பழைய முத்திரைத்தாளைக் கண்டு ஜனங்கள் மிரள்வதுதான் இவர்களுக்கு முதலீடு.

இனாம் என்பது கோயிலுக்கோ தனியாருக்கோ ஊழியத்துக்கோ அரசர்கள் விட்ட மானியம். பல இடங்களில் மண்ணையே கொடுக்கவில்லை, தீர்வை வாங்கும் உரிமையைத்தான் கொடுத்தார்கள். 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொன்றையும் விசாரித்து டி.டி. எண் (உரிமைப் பத்திர எண்) கொடுத்தது, அந்த விவரம் இனாம் ஃபேர் ரிஜிஸ்டரில் இருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு ஜமீன்களும் முழுக் கிராம இனாம்கள் பலவும் 1948-ன் 26-வது சட்டத்தில் ஒழிந்தன. விடுபட்ட இனாம் எஸ்டேட்டுகளுக்கு 1963-ன் 26-வது சட்டம், சிறு இனாம்களுக்கு 1963-ன் 30-வது சட்டம். சிறு இனாம் சட்டம் 15.2.1965-ல் அமலுக்கு வந்தது.

அமலான நாளில் இனாம்தாரின் பழைய உரிமை அறுந்து, நிலம் அரசிடம் வந்துவிட்டது. அதன்பின் செட்டில்மென்ட் தாசில்தார் விசாரித்து, உரியவருக்கு ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டும் உடைமைப் பட்டா) கொடுத்தார். ஆகவே அந்த மனிதரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் பேரில் ரயத்துவாரி பட்டா ஆனதா? உத்தரவு நகல் எங்கே?’ அது இல்லாமல் 1930-களின் பத்திரத்தைக் காட்டி இன்று எதையும் விற்க முடியாது. செட்டில்மென்ட் உத்தரவின் நகலை நீங்களும் மனுச் செய்து வாங்கிவிடுங்கள். அதில் பட்டா கோயில் பேரில் ஆகியிருந்தால் விஷயமே வேறு: அறநிலையத்துறையோடு பேசி வாடகைதாரராகப் பதிவாவதுதான் வழி, பத்திரப் பதிவும் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் மறுக்கப்படும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதாரணப் பெயர் மாற்றப் பட்டா தீர்வை கட்டுபவரைத்தான் காட்டும், உரிமையைத் தராது. ஒழிப்புச் சட்டங்களின்கீழ் விசாரணை நடத்திக் கொடுத்த பட்டா அதைவிடப் பல மடங்கு கனமானது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கெட்ட வழக்குகள் ஏராளம்.

கேள்வி: மதுராந்தகம் பக்கம் மனைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். 40 வருட வில்லங்கம் சுத்தம், பட்டாவும் இருக்கிறது. ஊரில் மட்டும் ‘அது பஞ்சமி நிலம்’ என்கிறார்கள்.
– வாசகர், தாம்பரம்

பதில்: ஊர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்கள் நிலமற்றுப் படும் பாட்டை 1891-ல் அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892-ல் 1010 எண்ணுள்ள அரசாணையில் தரிசு நிலங்கள் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஒப்படைக்கப்பட்டன. அவைதான் பஞ்சமி நிலங்கள். முதல் 10 ஆண்டு விற்கவோ அடகு வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது; அதன்பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது, அரசு நஷ்டஈடு இல்லாமல் திரும்ப எடுக்கலாம். இத்தனை தெளிவாக எழுதியும் கடனுக்கும் மிரட்டலுக்கும் வெற்றுத்தாள் கைநாட்டுக்கும் அந்த நிலங்கள் போயின. மீட்கக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர்கள் பலியாயின.

வில்லங்கச் சான்றில் இந்த நிபந்தனை தெரியாது. அது பதிவான பத்திரங்களின் பட்டியல், அவ்வளவுதான். செட்டில்மென்ட் பதிவேட்டிலும் பழைய ‘அ’ பதிவேட்டிலும் குறிப்புக் கலத்தைப் பாருங்கள். ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்றோ ‘கண்டிஷன்’ (நிபந்தனை) என்றோ இருக்கலாம். யு.டி.ஆரில் படி எடுத்தபோது இந்தக் குறிப்பு பல ஊர்களில் விடுபட்டுவிட்டது, ஆகவே புதிய பதிவேட்டைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். ஒப்படைப் பதிவேட்டையும் கேளுங்கள். குறிப்பு இருந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். எத்தனை கை மாறியிருந்தாலும் அது ஒருவரிடமிருந்து பறித்த மண். சட்டப்படியும் வாங்கக் கூடாது, மனசாட்சிப்படியும் கூடாது.

கேள்வி: 12 வருடம் அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடுமாமே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பாதி உண்மை. 1963 காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளர் அறியக் கூடிய விதத்தில், அவர் உரிமையை மறுத்து, இடைவிடாமல் 12 ஆண்டு அனுபவித்திருக்க வேண்டும். ‘இருந்துகொள்’ என்று அனுமதித்தவர் நிலத்தில் இருப்பவர், குத்தகைக்காரர், வாடகைக்காரர் ஆகியோருக்கு 50 ஆண்டு ஆனாலும் இது பொருந்தாது. அண்ணன் தம்பி பாகத்தில் ஒருவர் மட்டும் உழுதாலும், மற்றவரின் பங்கை வெளிப்படையாக மறுத்த நாள் நிரூபணமானால்தான் கணக்கு தொடங்கும். அரசு நிலமானால் 30 ஆண்டு. எந்தத் தேதியிலிருந்து எதிரிடை அனுபவம் என்று வழக்குரையில் சொல்லத் தெரியாமல் தோற்பவர்களே அதிகம்.

கேள்வி: நத்தத்தில் வீடு. பத்திரமே இல்லை. அரசு நிலமா?
– வாசகி, விருத்தாசலம்

பதில்: இல்லை. கிராம நத்தம் குடியிருப்புக்காக ஒதுங்கிய இடம். 1905 ஆக்கிரமிப்புச் சட்டமே அரசு நிலம் என்ற வரையறையிலிருந்து அதை விலக்குகிறது. தலைமுறையாகக் குடியிருப்பதே உங்கள் உரிமைக்கு அடிப்படை. நத்தம் நிலவரித் திட்டத்தில் தோராயப் பட்டாவோடு நின்றிருந்தால் தூய பட்டா கேட்டு தாசில்தாரிடம் மனுப் போடுங்கள். பழைய வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, நான்கெல்லை அளவு மூன்றையும் இணைத்துவிடுங்கள். காலி இடத்தையும் சேர்த்து அளக்கச் சொல்லாதீர்கள், மனு அங்கேதான் சிக்கும்.