சஸ்காட்சுவன் ஆர்டர் ஆஃப் மெரிட் என்றால் என்ன? பெயருக்குப் பின்னால் எஸ்.ஓ.எம். என்று போடுவது எதற்காக?

கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணம் தன் மக்களுக்குக் கொடுக்கும் மிக உயரிய விருது இது. 1985-இல் தொடங்கினார்கள்.

ஏற்கெனவே 1967 முதல் ஆர்டர் ஆஃப் கனடா என்ற நாட்டு விருது இருக்கும்போது இது எதற்கு? ஒரு சிற்றூரில் முப்பது வருஷம் வைத்தியம் பார்த்தவரையோ, விவசாயத்தில் புதுவழி காட்டியவரையோ நாட்டின் தலைநகரைவிட அந்த மாகாணத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், அதனால் அவர்களே பாராட்ட ஒரு வழி வேண்டியிருந்தது. நாட்டு விருது வேறு, சொந்த ஊரே கூடிப் பொன்னாடை போர்த்துவது வேறு, இல்லையா? அதுபோலத்தான். பதவியில் இருக்கும் அரசியல்வாதிகளுக்குக் கிடையாது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விதி.

அப்புறம், அந்தப் பதக்கத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஆறு முனை நட்சத்திரம் போலத் தெரியும். உண்மையில் அது மாகாண மலரான சிவப்பு லில்லி, அதற்கும் ஆறு இதழ்தான். ஆனால் இதில் இதழ்கள் வெள்ளை எனாமல், ஓரம் தங்க நிறம், நடுவில் மாகாணச் சின்னத்தின் கேடயம், மேலே கிரீடம். ரிப்பன் பச்சையும் பொன்னிறமும். மாகாணக் கொடியிலும் இதே நிறங்கள்தான், வடக்கே காடு, தெற்கே விளைந்த தானிய வயல்.

கிரீடம் இருப்பதால் இதை 'சர்' பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பெயருக்கு முன்னால் எதுவும் சேராது, பின்னால் அந்த மூன்று எழுத்து மட்டும்தான்.