ஜீ.எஸ். எதற்கு? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

முல்லைத்தீவுப் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு விதானையாரைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “அது அந்தக் காலத்து ஆட்கள்” என்று அம்மா முடித்துவிட்டா. எங்களுக்கு வாய்த்தது வேறு. தங்கச்சியின் வங்கி அலுவலுக்கு ஒரு வதிவிடச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை போனால் ஜீ.எஸ். (கிராம சேவகர், இப்போதைய பெயரில் கிராம அலுவலர்) பிரதேச செயலகத்தில் கூட்டமாம். வியாழன் போனால் அம்மாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் ஒரு எழுத்துப் பிழையோடு வேறு வீட்டு இலக்கத்தில் கிடக்கிறதாம், பழைய குடும்ப அட்டை இருந்தால் கொண்டுவரட்டாம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தை விட்டால் நாங்கள் எப்போதும் ஒரே காணியில்தான் இருக்கிறோம். எங்கள் வீட்டில் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல இன்னொருவர் எதற்கு? எல்லாம் கணினிக்கு வந்துவிட்ட காலத்தில் இந்தப் பதவியே தேவையா? அஸ்வெசும என்கிற அரசின் நலன்புரிக் கொடுப்பனவும் அம்மாவுக்கு இல்லை. பக்கத்து வீட்டில் கார் நிற்கிறது, அவர்களுக்குக் கிடைக்கிறது. இதற்கும் சேர்த்துப் பாராட்டி எழுதுவீர்களா?

– ஒரு வாசகி (ஊர்ப் பெயர் வேண்டாம், ஏ9 வீதிக்குக் கிழக்கே என்று வையுங்கள்)

அன்புள்ள வாசகிக்கு,

பாராட்டு ஒருபக்கம் இருக்கட்டும். உங்களை இரண்டு தரம் அலையவிட்டது பிழைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கூட்டம் என்றால் கதவில் ஒரு துண்டு எழுதி ஒட்டலாம். ஆனால் ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள். வன்னியில் ஒரு கிராம அலுவலர் பிரிவு என்பது யாழ்ப்பாணத்துப் பிரிவு மாதிரி நாலு ஒழுங்கையோடு முடிகிற இடமில்லை. குளம், வயல், காடு, அதற்கு அப்பால் இன்னொரு குடியேற்றம். வெற்றிடம் இருந்தால் பக்கத்துப் பிரிவும் ‘பதில் கடமை’ என்று அதே ஆளின் தலையில்தான் விழும். இப்போது இந்த வேலையில் நிறைய இளம் பெண்கள். பொழுதுபட்டால் யானை இறங்குகிற வீதியால் ஸ்கூட்டியில் போய் வருகிறார்கள்.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். 1963 இல் பரம்பரை விதானை (ஊர்த் தலைவர்) முறையை எடுத்துவிட்டு, பரீட்சை எழுதி வருகிற கிராம சேவகரைக் கொண்டுவந்தார்கள். இப்போது நாடு முழுவதும் 14,000 க்கு மேற்பட்ட பிரிவுகள். சனத்தைப் பொறுத்தவரை ஜீ.எஸ். என்றால் கையெழுத்தும் றப்பர் முத்திரையும்தான். வதிவிடம், நற்சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம், மாடு விற்றால் அதற்கொரு சீட்டு. என்னைக் கேட்டால் அந்தக் கையெழுத்தை விட அவர் மேசையில் கிடக்கிற பதிவேடுதான் அவருடைய உண்மையான வேலை. இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள், யார் பிறந்தார்கள், யார் இல்லை என்ற கணக்கு.

இதை வன்னியில் இருந்துகொண்டு நான் சும்மா சொல்லவில்லை. போர்க்காலம் முழுக்க இங்கே அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளர்களும் ஜீ.எஸ்.மாரும் கொழும்பின் சம்பளத்தில், புலிகளின் கட்டுப்பாட்டுக்குள், இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு வேலை செய்தார்கள். 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டுப் போயின. இவர்கள் இருந்தார்கள். சனம் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று நகர நகர இவர்களும் தங்கள் பிள்ளைகுட்டிகளோடு நகர்ந்தார்கள். போகிற இடத்தில் ஒரு மரத்துக்குக் கீழே இருந்து, எந்தப் பிரிவுச் சனம் எங்கே நிற்கிறது, எத்தனை குடும்பம் என்று மறுபடி பதிந்தார்கள், ஏனென்றால் பதிவு இல்லாவிட்டால் நிவாரணம் இல்லை.

அந்தப் பதிவுகள்தான் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய்க் கணக்காயின. 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் என்று அரசு சொன்னது, உணவு அனுப்பியதும் அந்தக் கணக்குக்குத்தான். கடைசியில் வெளியே வந்து முகாம்களில் நின்றவர்கள் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் போய் வைத்த கணக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தோர் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டார். முதல் எண் கச்சேரியின் எண். அதாவது, அடியில் போய்ப் பார்த்தால், ஜீ.எஸ்.மாரின் கொப்பிகள்.

இந்தக் கணக்கை மறுக்கிறவர்கள் எடுக்கிற முதல் ஆயுதம் என்ன தெரியுமா? நிவாரணத்துக்காக ஆட்களைக் கூட்டிப் பதிந்திருப்பார்கள் என்பது. எவ்வளவு கூடியது, கூடியதா என்பது வேறு விவாதம், ஆனால் ஒரு வாதமாக அது நிற்கிறது. ஒரு கூப்பனுக்காகச் சேர்த்த ஒரு பெயர், வருடங்கள் கழித்து, உண்மையாகவே காணாமல்போன இன்னொருவரின் பெயரைச் சந்தேகத்துக்குள் தள்ளுகிறது. ஆகவே, உங்கள் அம்மாவின் பெயர் இடாப்பில் வேறு இலக்கத்தில் கிடப்பதைக் கண்டு, பழைய அட்டையைக் கொண்டுவாங்கோ என்று உங்கள் ஜீ.எஸ். சொன்னதற்கு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பார்க்காமல் முத்திரை குத்தித் தந்திருந்தால் உங்களுக்கு அன்றைக்கே அலுவல் முடிந்திருக்கும்.

கணினி வரட்டும், நானும் விரும்புகிறேன். ஆனால் கணினிக்குள்ளும் யாரோ ஒருவர்தான் ஒழுங்கைக்குள் நடந்துபோய்ப் பார்த்ததை அடிக்க வேண்டும். காணிப் பிரச்சினையைப் பாருங்கள். இங்கே பெரும்பாலும் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த பெர்மிட் காணிகள். பெர்மிட் மாத்தளனில் போயிருக்கும், பெர்மிட்காரரும் போயிருப்பார், பின்னுரித்து, அதாவது அவருக்குப் பிறகான உரிமை, யாருக்கு என்று நாலு பிள்ளைகள் நிற்பார்கள். அப்போது அந்தக் காணியில் யார் இருந்தது, வேலி எங்கே நின்றது என்று சொல்ல ஊரறிந்த ஒரு அலுவலர் வேண்டும். காணாமல்போனவருக்கு 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மரணப் பதிவு எடுப்பதா, 2016 திருத்தத்தின் பிறகு வந்த காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுப்பதா என்று ஒரு தாய் தடுமாறும்போதும் முதலில் போய் நிற்பது அந்த மேசைக்கு முன்னால்தான். அங்கே எப்படிப் பேசுகிறார்கள் என்பதில் எவ்வளவோ இருக்கிறது. சிலர் மோசமாகப் பேசுகிறார்கள், அதுவும் எனக்குத் தெரியும். அரசியல்வாதிக்குப் பின்னால் போய்ப் பயனாளிப் பட்டியல் போட்டவர்களும் இருந்தார்கள்.

2018 டிசம்பர் வெள்ளத்தையும் சொல்ல வேண்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் நின்ற நாட்கள். பள்ளிக்கூடங்களில் சனம். எத்தனை சோற்றுப் பார்சல் என்ற எண்ணை ஜீ.எஸ். கொடுத்தால்தான் அடுத்த நேரச் சாப்பாடு. குறைத்துச் சொன்னால் சனம் ஏசும், கூட்டிச் சொன்னால் கணக்காய்வு ஏசும்.

அஸ்வெசும விடயத்தில் நீங்கள் ஆள் மாறிக் கோபிக்கிறீர்கள். 2023 இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் யாருக்கு என்று தீர்மானிப்பது ஜீ.எஸ். இல்லை. வீட்டில் கேட்ட விபரங்களுக்குப் புள்ளி போட்டு மேலே நலன்புரி நன்மைகள் சபை தீர்மானிக்கிறது. அந்தத் தெரிவு வேலையே வேண்டாம் என்று கிராம அலுவலர் சங்கங்கள் ஒதுங்கி நின்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். ஊரையே தெரியாத ஒரு புள்ளிக்கணக்குக்கு உங்கள் பக்கத்து வீட்டுக் கார் தெரியாமல் போயிருக்கலாம். அம்மாவுக்காகப் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு போடுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், என்ன காரணத்தால் நிராகரித்தீர்கள் என்று அங்குள்ள தகவல் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். வழமையாக 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

இடாப்புப் பிழையைத் தள்ளிப் போடாதீர்கள். திருத்தப் பட்டியல் பார்வைக்கு வைக்கிற நாட்களில் போய் எழுத்தையும் வீட்டு இலக்கத்தையும் திருத்திவிடுங்கள், தேர்தல் வந்தால் மறுபடி அதே அலைச்சல். அம்மாவிடம் குடும்ப அட்டை கிடைத்தால், முகாமில் தந்தது என்றாலும், நாலு பிரதி எடுத்துவிட்டு மூலத்தை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வியாழக்கிழமை வெளிக்கிட முதல் ஜீ.எஸ்.ஸுக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.