சமூகவியல் கட்டுரை: எழுதுவதற்கு முன் எதை முடிவு செய்வது?

கேள்வி: தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் முதலாண்டு படிக்கிறேன். 'கல்வி சமூக ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா, நிலைநிறுத்துகிறதா? மதிப்பிடுக' என்ற தலைப்பில் 1,500 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும். பார்சன்ஸ், போர்தியூ, பவுல்ஸ்–கின்டிஸ், வில்லிஸ் என இத்தலைப்பில் எழுதிய சமூகவியல் அறிஞர்கள் எல்லோரைப் பற்றியும் குறிப்பெடுத்துவிட்டேன். முந்தைய கட்டுரையை 'விவரணை மட்டுமே உள்ளது, வாதம் இல்லை' என்று எழுதித் திருப்பியனுப்பினார்கள். இம்முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: உங்கள் குறிப்புகளில் குறையிருப்பதாகத் தெரியவில்லை. குறிப்பெடுத்து முடித்ததும் நேராக எழுத உட்கார்ந்துவிடுகிறீர்கள். கேள்விக்கு உங்கள் விடை என்ன என்று முடிவு செய்யும் வேலை இடையில் விடுபட்டுப் போகிறது. ஆகவே குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு, அந்த விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 'கல்வி தனிமனிதர் சிலரை மேல்நிலைக்குக் கொண்டுசென்றாலும் சமூகப் படிவரிசையை அது கலைப்பதில்லை. அந்த வரிசை தகுதியால் அமைந்தது என்று நம்பவும் வைக்கிறது' என்று எழுதலாம். இதை ஒருவர் மறுத்துப் பேச முடியும் என்பதால் இது வாதம். 'கல்விக்கும் ஏற்றத்தாழ்வுக்கும் உள்ள தொடர்பைப் பல அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர்' என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை; அதனாலேயே அது வாதமாகாது.

அடுத்து, ஒரே தாளில் பத்திக்கு ஒரு வாக்கியம் வீதம் எழுதுங்கள். முன்னுரைக்கும் முடிவுரைக்கும் 300 சொற்கள் போனால், மீதி 1,200 சொற்களில் ஐந்து பத்திகளுக்கு மேல் இடமில்லை. அந்த வாக்கியங்கள் கூற்றுகளாக இருக்க வேண்டும். அறிஞர் பெயர்களாக இருக்கக் கூடாது. 'பத்தி 2: போர்தியூ' என்று குறித்துவைத்தால், அவரது வாழ்க்கை, நூல்கள், கோட்பாடு என்று நிரப்பத்தான் கை போகும். 'வீட்டில் பழகிய மொழியையும் ரசனையையும் பள்ளி திறமையாகக் கணக்கிடுகிறது' என்று குறித்துவைத்தால், பண்பாட்டு மூலதனம் (குடும்பத்திலிருந்து சொத்துபோல வந்து சேரும் மொழி, ரசனை, பழக்கங்கள்) என்ற அவரது கருத்து அந்தக் கூற்றுக்குத் துணையாக வந்து சேரும். பள்ளியின் ஒழுங்கு பணியிடத்தின் அதிகார ஒழுங்கை ஒத்திருந்து, கீழ்ப்படிதலைப் பழக்குகிறது என்று பவுல்ஸும் கின்டிஸும் 1976-இல் எழுதினார்கள். வில்லிஸ் 1977-இல் விவரித்த தொழிலாளர் குடும்பத்துச் சிறுவர்கள் 12 பேரோ பள்ளியை எதிர்த்தே நின்றார்கள். ஆனாலும் உடலுழைப்பு வேலைகளுக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இரண்டு ஆய்வுகளையும் தனித்தனியே சுருக்கித் தந்தால் விவரணை. இரண்டாவது முதலாவதை எங்கே திருத்துகிறது, அப்படித் திருத்தியும் முடிவு ஏன் மாறவில்லை என்று ஒரே பத்தியில் கேட்டால், மதிப்பீடு அங்கேயே தொடங்கிவிடும்.

பெயர்வரிசையில் திட்டமிடும் பழக்கத்துக்கு மாணவரை மட்டும் குறைசொல்ல முடியாது. அலகு 1 மார்க்ஸ், அலகு 2 துர்கைம், அலகு 3 வெபர் என்று பாடத்திட்டத்தை அடுக்கிவிட்டு, மதிப்பெண் போடும்போது மட்டும் வாதம் எங்கே என்று கேட்கிறார்கள். 'வாதம் இல்லை' என்று எழுத நேரமிருப்பவர், அது எந்தப் பத்தியில் இருந்திருக்க வேண்டும் என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இந்த இடைவெளியில்தான் வியாபாரிகள் நுழைகிறார்கள். வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் விற்கப்படும் ஆயத்தக் கட்டுரைத் திட்டங்களைத் தயவுசெய்து வாங்காதீர்கள். குற்றமோ, குடும்பமோ, கல்வியோ, எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் முன்னுரை, வரையறை, செயல்பாட்டியம் (சமூகத்தின் ஒவ்வோர் அமைப்பும் முழுச் சமூகத்துக்கு ஒரு பணியைச் செய்கிறது என்ற பார்வை), மார்க்சியம், பெண்ணியம், முடிவுரை என்ற அதே சட்டகம்தான் வரும். ஒரே சரக்கைப் பலருக்கு விற்பதால், கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டு எழும்போது அது வாங்கியவர் தலையில்தான் விழும். விற்றவருக்கு ஒன்றும் ஆகாது. முழுக் கட்டுரையையே எழுதித் தருகிறோம் என்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதே சட்டகம்தான் கிடைக்கும்; போதாக்குறைக்கு, இல்லாத நூல்களையும் தவறான ஆண்டுகளையும் அது தயக்கமின்றிச் சொல்லிவிடும்.

அறிஞர் பெயரால் பிரிக்கவே கூடாதா என்றால், ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவருக்கு மற்றவர் நேரடியாகப் பதில் சொன்ன விவாதமே கேள்வியாக வந்தால் அப்படிப் பிரிக்கலாம். முக்கியமான பணிகளுக்குத் திறமையானவர்களை ஈர்க்க வெகுமதியில் வேறுபாடு தேவை என்று சமூகவியலாளர்கள் டேவிஸும் மூரும் 1945-இல் வாதிட்டார்கள். இன்னொரு சமூகவியலாளரான டூமின் 1953-இல் அந்த வாதத்தின் படிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். அங்கே விவாதமே ஆள்வரிசையில் நடந்திருக்கிறது. ஆனால் 'ஒப்பிடுக' என்று வரும் கேள்விகளெல்லாம் இந்த வகையல்ல. வேலைப் பிரிவினை குறித்துத் துர்கைம் 1893-இல் எழுதியதை மார்க்ஸின் அந்நியமாதல் (தொழிலாளி தன் உழைப்புக்கும் அதன் விளைபொருளுக்கும் அந்நியமாகிப்போவது) கருத்தோடு ஒப்பிடச் சொன்னால், ஆளுக்குப் பாதிக் கட்டுரை என்று பிரிப்பவருக்கு ஒப்பீடு கடைசிப் பத்தியில் அவசர அவசரமாகத்தான் வரும். அங்கே சமூகப் பிணைப்பு எதனால் உண்டாகிறது, முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்ற புள்ளிகளால் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் இருவரையும் பேசவைக்க வேண்டும். டேவிஸ்–மூர் விவாதத்திலும்கூட, யாருடைய வாதம் தாங்குகிறது என்று நீங்கள் சொல்லும் பத்தி ஒன்று தனியே தேவைப்படும். உங்கள் இப்போதைய தலைப்பு இந்த விதிவிலக்குக்குள் வராது.

பள்ளி எல்லோரையும் பொதுவான ஓர் அளவுகோலால் மதிப்பிடுகிறது என்ற பார்சன்ஸின் நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே அதன் முழு வலிமையோடு வைத்து, அடுத்த பத்திகள் அதற்குப் பதில் சொல்லும்படி அமையுங்கள். பிறகு பத்தி வாக்கியங்களை மட்டும் தொடர்ச்சியாக வாசியுங்கள். ஏதேனும் இரண்டை இடம் மாற்றியும் எதுவும் கெடவில்லையென்றால், அந்த இடத்தில் திட்டம் இன்னும் முடியவில்லை. எடுத்த குறிப்புகளில் பாதி எந்தப் பத்தியிலும் இடம் பெறாமல் போகலாம், போகட்டும்.